ஒத்திகை பெரிதா, நாடகம் பெரிதா?

2025 மே மாதம் ரூபா அழகிரிசாமியும் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டுக் கோவாவில் கரையிறங்கியபோது நாமெல்லாம் பூரித்துப் போனோம். ரூபா புதுச்சேரிப் பெண்; தில்னா கோழிக்கோட்டுக்காரர். இருவரும் கடற்படை அதிகாரிகள். பூரிப்பு நியாயமானதே. ஆனால், மாலை போட்ட நாளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் என் குறை.

2022 நவம்பரில் இதே தாரிணி, கேப் டவுனிலிருந்து ரியோ டி ஜெனிரோ வரையிலான கடல் பந்தயத்துக்குப் புறப்பட்டது. ஆறு பேர் கொண்ட குழுவில் இந்த இருவரும் இருந்தார்கள். பந்தயத் தூரம் சுமார் 3,600 கடல் மைல். வசதியுள்ளவர்கள் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றித் தொடக்க இடத்துக்கு அனுப்புவதும் உண்டு. இவர்களோ கோவாவிலிருந்தே பாய் விரித்துக் கேப் டவுன் போய், பந்தயமும் ஓடி, 2023 மே மாதம் படகிலேயே ஊர் திரும்பினார்கள். மொத்தம் ஏறத்தாழ 17,000 கடல் மைல். பந்தயம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான்!

படகின் நீளம் 17 மீட்டர். நம் மின்சார ரயில் பெட்டியைவிடக் குட்டை. பாய் கிழிந்தால் தாமே தைக்க வேண்டும். எஞ்சின் நின்றால் தாமே பிரித்துப் பார்க்க வேண்டும். கையில் வெட்டுப்பட்டால் கூட வருபவர்தான் டாக்டர். முறைவைத்துத்தான் தூக்கம். பிளம்பருக்கு ஆளனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு இது புரிவது சிரமம். பிறகு 2024-இல் இருவர் மட்டும் மொரீஷியஸ் போய் வந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று உலகப் பயணம் தொடங்குமுன் அவர்கள் ஓடியிருந்த தூரம் 38,000 கடல் மைல். உலகைச் சுற்றியதோ 25,000 சொச்சம்.

நம் வீடுகளில் இதற்கு இடமுண்டா? ராஜேந்திர சோழனின் கப்பல்களைப் பற்றிப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பரிசு வாங்கும் பிள்ளைக்கு வாடை எது, கச்சான் எது என்று தெரியாது. மெரைன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து பேல்பூரி தின்றதோடு கடல் உறவு முடிந்தது. எதைக் கேட்டாலும், "இதுக்கு எவ்வளவு மார்க்?" என்போம்.

கடல் ஆபத்து என்பார்கள். மறுக்கவில்லை. இவர்களுக்குப் பயிற்சி தந்த அபிலாஷ் டோமி, 2018 பந்தயத்தில் நடுக்கடலில் முதுகெலும்பு நொறுங்கி மீட்கப்பட்டவர். அவரே 2022-இல் அதே பந்தயத்தில் மறுபடி இறங்கி இரண்டாவதாக வந்தார். ஆபத்தை நன்கு அறிந்தவரிடம்தான் பெண்கள் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் உலகைச் சுற்ற வேண்டியதில்லை. கொலாபாவில் சீ கேடட் கோர் சிறுவர் சிறுமியருக்குக் கடற்பயிற்சி தருகிறது. என்.சி.சி.யிலும் கடற்படைப் பிரிவு உண்டு. அடுத்த பொங்கல் விழாவில் பொன்னாடைச் செலவைக் குறைத்து, நாலு பிள்ளைகளின், முக்கியமாகப் பெண் பிள்ளைகளின், நீச்சல் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். செயற்குழு இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமா?