25 கிலோ என்பது ஓர் அளவே அன்று

எங்கள் ஆய்வகத்தில் தானோட்டி வாகன ஆய்வுக்குப் பயன்படுவது டிராக்ஸஸ் ஸ்லாஷ் என்னும் ரேடியோ கட்டுப்பாட்டு டிரக். எஃப்1டென்த் வடிவமைப்பைப் பின்பற்றும் ஆய்வகங்கள் பலவற்றில் ஓடுவதும் இதுவே. உடன் வரும் ஸ்டியரிங் சர்வோவின் பற்சக்கரங்கள் நைலானால் ஆனவை. சுவரில் சில முறை பலமாக மோதினால் பல் உதிர்ந்துவிடும். மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. என் வழக்கு, மாற்றுக்காக நாம் எழுதும் கொள்முதல் வாசகத்தின் மீது: “25 கிலோ மெட்டல் கியர் சர்வோ.”

மொழியியல் முதுகலை முடித்துப் பேச்சுக் கட்டளை ஆய்வுக்காக இங்கு வந்த எனக்கு அவ்வாசகம் முதல் நாளே உறுத்தியது. முறுக்குவிசையின் அலகு கிலோகிராம்-சென்டிமீட்டர். அலகில் பாதியை விழுங்கிவிட்டால் பொருளிலும் பாதி போய்விடுகிறது. தண்டின் மையத்திலிருந்து 1 செ.மீ. தொலைவில் 25 கிலோ விசை தரும் சர்வோ, 2.5 செ.மீ. நீளக் கையின் முனையில் 10 கிலோ விசையே தரும். அந்த 25-உம் எந்த மின்னழுத்தத்தில்? பெட்டியில் அச்சிடப்படுவது பெரும்பாலும் 6.8 அல்லது 7.4 வோல்ட்டுக்குரிய எண். எங்கள் வண்டியில் சர்வோவுக்குக் கிடைப்பதோ 5 வோல்ட். வேற்றுமை உருபைக் களைந்துவிட்டு எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

“மெட்டல்” என்ற சொல் இதைவிடத் தளர்ச்சியானது. மென்மையான பித்தளையும் உலோகம், எஃகும் உலோகம். நான்கு சக்கரங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிளாஸ்டிக்கில் வைத்து விற்பதும் உண்டு. மேலும், உலோகப் பற்சக்கரம் பூட்டியாயிற்று என்ற துணிவில் சர்வோ சேவரைக் கழற்றி எறிந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மோதலின் அதிர்ச்சியை வாங்குவதற்கென்றே வைத்த சுருள்வில் அது! அது போனால் அதிர்ச்சி நேரே தண்டுக்கும் பற்களுக்கும்தான் செல்லும்.

சென்ற பருவத்தில் இந்த வாசகத்தின் பேரில் மூன்று சர்வோக்கள் வந்தன. மூன்றும் போயின. அதனினும் பெரிய இழப்பு வேறு. சக்கரம் எதிலாவது சிக்கித் திரும்ப இயலாதபோது சர்வோ பல ஆம்பியர் இழுக்கும், மின்னழுத்தம் சரியும், கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து மீண்டும் எழும். முதுகலை மாணவி ஒருவர் அதைத் தம் நிரலின் பிழையென்று எண்ணி இரண்டு வாரம் தேடினார். நெறியாளர் கூட்டத்தில் தலைகுனிந்து நின்றவரும் அவரே. வாசகத்தை எழுதியவர்கள் எவரும் தலைகுனியவில்லை.

எல்-1 விதியைக் காட்டித் தப்பிப்போர் உண்டு. நாம் எழுதிய தகுதிக்குள் எது மலிவு என்பதையே அவ்விதி கேட்கிறது. தகுதியை எழுதியது நாம். நாம் கேட்டதை விற்பனையாளர் எழுத்துப் பிசகாமல் தந்தார்.

என் திருத்தம் இது: 5 வோல்ட்டில் உறுதியளிக்கப்பட்ட முறுக்குவிசை, தடைபட்டு நிற்கும் நிலையில் இழுக்கும் மின்னோட்டம், எல்லாப் பற்சக்கரங்களும் எஃகு அல்லது டைட்டானியம், வெளித்தண்டில் 25 பற்கள் (23, 24 பற்களும் சந்தையில் உண்டு, நம் கைகள் அவற்றில் பொருந்தா), பற்சக்கரத் தொகுதி தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும். விலை கூடும் என்பார்கள். கூடும்தான். மூன்று மலிவுகளின் கூட்டுத்தொகையையும் அவர்களே போட்டுப் பார்க்கட்டும். வரும் திங்களன்று கொள்முதல் குழு கூடுகிறது. மறுப்புடையோர் அங்கு வந்து, கிலோவுக்குப் பின் என்ன அலகு என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.