கையுறை போதும், கணக்கைக் காட்டுங்கள்
தாமிரபரணிக்காக நெல்லை ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



தாமிரபரணியைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று அழைத்தால் இந்த ஊர் மக்கள் தயங்குவதில்லை. கல்லூரி மாணவர்கள், வியாபாரிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கோயில் உழவாரப் பணிக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். நிர்வாகம் கையுறையும் தொப்பியும் மோரும் தருகிறது. சாயங்காலத்துக்குள் இத்தனை டன் குப்பை அள்ளியாயிற்று என்று செய்தி வந்துவிடுகிறது. அந்தப் படித்துறையில் தண்ணீரின் தரம் அன்றைக்கு எப்படி இருந்தது, ஆறு மாதம் கழித்து எப்படி ஆனது என்ற செய்திதான் வருவதில்லை.

அதனால்தான் இந்த மடல். ஆற்றைக் காக்கும் பணியில் மக்களைக் குப்பை அள்ள மட்டும் கூப்பிடாதீர்கள். தண்ணீரை அளக்கவும், அளந்ததை வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பதில் கேட்கவும் எங்களுக்கு முறைப்படி ஓர் இடம் கொடுங்கள்.

குப்பை அள்ளுவது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பாறை இடுக்கில் சிக்கி, குளிப்பவர் காலைச் சுற்றி, மீன்கள் ஒதுங்கும் மடுக்களை அடைத்துக் கிடக்கிறது. அதை இழுத்து வெளியே போட்ட ஒவ்வொருவருக்கும் ஆறு கடன்பட்டிருக்கிறது. ஆனால் துணியும் பாலித்தீன் பையும் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. தாமிரபரணியின் தண்ணீரைக் கெடுப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வரும் சாக்கடைக்குத்தான். அதை எந்தக் கையுறையாலும் அள்ள முடியாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. காவிரி, பவானியோடு தாமிரபரணியும் அதில் இடம்பெற்றது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்பதே அங்கே அளவுகோல். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பகுதி பட்டியலுக்குள் வந்துவிடும். தாமிரபரணி இருந்தது ஐந்தாவது பிரிவில், அதாவது 3-க்கும் 6-க்கும் இடைப்பட்ட, பட்டியலிலேயே பாதிப்பு குறைந்த பிரிவில். இதைப் படித்துவிட்டு ஆறுதல் அடைவோர் உண்டு. எனக்கு அது ஒரு கெடுவாகத்தான் தெரிகிறது. நொய்யலைப் போலக் கைமீறிப் போகாத ஆறு இது. குறைந்த செலவில் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே மீட்டுவிட வேண்டும்.

அமலைச் செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஆட்களை வைத்தும் இயந்திரத்தை வைத்தும் அகற்றுகிறோம். சில மாதங்களில் மறுபடியும் ஆற்றை மூடிவிடுகிறது. சாக்கடையிலும் சோப்புத் தண்ணீரிலும் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதற்கு உரம். உரத்தை நிறுத்தாமல் களையை மட்டும் பிடுங்கும் விவசாயி எங்கும் இல்லை. ஆற்றில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

சாக்கடை எந்த வழியாக வருகிறது என்பதும் ரகசியமில்லை. 8 அணைக்கட்டுகளும் 11 கால்வாய்களும் இந்த ஆற்றின் பெருமை. அவற்றில் நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் நகரத்துக்குள் புகுந்து போகின்றன. அணைக்கட்டில் பிரியும்போது நல்ல தண்ணீர். குடியிருப்புகளைத் தாண்டும்போது வீட்டுக் கழிவும் கடைக் கழிவும் கலந்து நிறம் மாறிவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் கடைமடைக் குளத்துக்கும் வயலுக்கும் போகிறது. நாற்று நட இறங்கும் பெண்கள் காலில் அரிப்போடு கரையேறுகிறார்கள். இன்னொரு பக்கம், ஆற்றங்கரை ஊர்களின் ஓடைகள் நேராக ஆற்றிலேயே வந்து விழுகின்றன. ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாதாளச் சாக்கடைத் திட்டமும் கட்டம் கட்டமாக நடக்கிறது. ஆனால் குழாய் பதித்த தெருவில் எத்தனை வீடுகள் இணைப்பு வாங்கியிருக்கின்றன, வாங்காத வீட்டின் கழிவு எங்கே போகிறது என்பதைத் தெருவாரியாகச் சொல்லும் கணக்கு எங்கள் கைக்கு வருவதில்லை.

இதே ஆற்றின் மணலுக்குள் உறைகிணறு இறக்கித்தான் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் மாவட்டங்களின் குடிநீர்த் திட்டங்கள் தண்ணீர் எடுக்கின்றன. வடிகட்டித் தந்துகொண்டிருந்த மணலைப் பல ஆண்டுகள் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். முதுபெரும் தலைவர் இரா. நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தானே வாதாடி, 2010-இல் தாமிரபரணி மணல் குவாரிகளுக்குத் தடை வாங்கினார். மணலைக் காப்பதும் தண்ணீரின் தரத்தைக் காப்பதும் ஒன்றுதான் என்பதைக் கரையில் இருப்பவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். 2024 நவம்பரில் மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து, ஆற்றில் கழிவு கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள். அதுவும் பொதுநல வழக்கு ஒன்றின் தொடர்ச்சிதான். இந்த ஆற்றுக்கு நடந்த நல்ல காரியங்களில் பல, யாரோ ஒரு குடிமகன் விடாமல் கேட்டதால் நடந்தவை. ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேறித்தான் கேட்க வேண்டுமா?

மக்களுக்கு அளக்கத் தெரியுமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் பொங்கலை ஒட்டிக் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். எந்தக் குளத்துக்கு எந்தப் பறவை வருகிறது, எது குறைகிறது என்று இன்று சொல்ல முடிவது அவர்களால்தான். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சியும் களப் பரிசோதனைப் பெட்டியும் தர வேண்டும் என்பது விதி. குழாய்த் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்தவருக்கு ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கத் தெரியாதா?

தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், உப்புத்தன்மை, அமோனியா, கலங்கல் ஆகியவற்றைச் சின்னக் கருவிகளைக் கொண்டு படித்துறையிலேயே பார்த்துவிடலாம். ஓர் ஓடை ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி எடுத்தால் போதும், அந்த ஓடை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். மலக்கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் கிருமிகளைக் கணக்கிட மட்டும் ஆய்வகம் வேண்டும். அதற்கும் தூரம் போக வேண்டியதில்லை. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. மாவட்டம் முழுக்க நல்ல வேதியியல், நுண்ணுயிரியல் துறைகள் கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன.

நாங்கள் எடுக்கும் மாதிரி சட்டப்படி சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கென்று ஒரு முறையை வகுத்திருக்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள்தான் எடுக்க வேண்டும். எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டுவதே எங்கள் வேலையாக இருக்கும். ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி கால்வாயில் கொட்டிவிட்டுப் போவது, மாதம் ஒருமுறை குறித்த இடத்தில் எடுக்கும் மாதிரியில் சிக்காது. கரையில் குடியிருப்பவர் கண்ணில் சிக்கும்.

மக்கள் முன்னின்று ஆற்றை மீட்டதற்கு முன்மாதிரியும் உண்டு. பஞ்சாபில் காலி பேய்ன் என்றொரு ஆறு, சுமார் 160 கிலோமீட்டர் நீளம். குருநானக்கின் வாழ்வோடு தொடர்புடைய அந்தப் புனித ஆறு சாக்கடையாகிக் கிடந்தது. 2000-இல் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு, கரசேவையாக ஆகாயத்தாமரையையும் சேற்றையும் அகற்றத் தொடங்கினார். அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு தூய்மைப் பணி, அவ்வளவுதான். கழிவு விழும் வாய்களை அடைக்காமல் பயனில்லை என்று கண்டுகொண்டு, கிராமங்களில் நிலத்தடிக் குழாய் பதித்தார்கள். கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து வயலுக்குத் திருப்பினார்கள். விவசாயிக்குச் சத்துள்ள பாசன நீர் கிடைத்தது, ஆற்றுக்குச் சாக்கடையிலிருந்து விடுதலை கிடைத்தது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2006-இல் நேரில் போய்ப் பார்த்துப் பாராட்டினார். அங்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கழிவு மறுபடி கலந்து மீன்கள் செத்த சம்பவங்கள் உண்டு. ஆனால் அதைக் கவனித்து உடனே குரல் எழுப்பக் கரையில் ஆள் இருந்தது.

ஆகவே, ஆட்சியர் அவர்களே, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட நான்கு காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஆற்றிலும் இரண்டு நகரக் கால்வாய்களிலும் கழிவு விழும் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எண் கொடுங்கள். அது எந்த உள்ளாட்சியின் பொறுப்பு, எந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் அடைபடும் என்று அந்த இடத்திலேயே எழுதிவையுங்கள். பட்டியலை வார்டுவாரியாக வெளியிடுங்கள்.

இரண்டாவது, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, கொக்கிரகுளம் போன்ற மக்கள் குளிக்கும் இடங்களில் தண்ணீர்ப் பலகை வையுங்கள். குளிப்பதற்கு ஏற்ற நீரில் 100 மில்லிலிட்டருக்கு 500 மலக்கோலிஃபார்முக்கு மேல் இல்லாமல் இருப்பது நல்லது. 2,500-ஐத் தாண்டவே கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இவை அரசே வகுத்த அளவுகள். இந்த மாத அளவு என்ன என்பதைப் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். வாரியம் மாதந்தோறும் மாதிரி எடுக்கிறது. அந்த முடிவு கோப்புக்குள் இருந்து யாருக்கு என்ன பயன்? மக்கள் பீதியடைவார்கள் என்ற பதில் வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய்க்குத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

மூன்றாவது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி மாவட்டச் சுற்றுச்சூழல் திட்டத்தைக் கவனிக்கும் குழுவுக்கு நீங்கள்தான் தலைவர். அதில் கடைமடை விவசாயிகளுக்கும், சலவைத் தொழிலாளர்களுக்கும், ஆற்றில் மீன்பிடிப்பவர்களுக்கும், நீர் சோதிக்கப் பயிற்சி பெற்ற பெண்களுக்கும் இருக்கை கொடுங்கள். தண்ணீரில் தினமும் நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் தரும் புகாருக்கு எத்தனை நாளில் வாரியம் மாதிரி எடுக்கும் என்று கால வரையறை வையுங்கள்.

நான்காவது, தன்னார்வலர்களைச் சாக்கடைக்குள் இறக்காதீர்கள். கழிவை அகற்றுவது ஊதியமும் பாதுகாப்புக் கருவியும் பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். சேவை என்ற பெயரில் மாணவர்களை இலவசமாக இறக்கினால், தூய்மைப் பணியாளர் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும். பாபநாசத்துத் துணிக்கும் நிரந்தர ஏற்பாடு ஒன்று வேண்டும். படித்துறைக்கு மேலேயே துணிபோடும் தொட்டி வைத்து, பரிகாரம் செய்துவைப்பவர்களையே அதற்குப் பொறுப்பாக்கினால் ஆற்றில் விழுவது பெரிதும் குறையும்.

இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்டக் கோடிகள் வேண்டும், காலமும் வேண்டும். பலகைக்கும் பட்டியலுக்கும் மனம் இருந்தால் போதும். கட்டிய நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதைச் சொல்லப் போவதும் அந்தப் பலகைதான். ஆட்சியர்கள் இரண்டு மூன்று ஆண்டில் மாறிப்போவார்கள். ஒருவர் தொடங்கிய இயக்கத்தை அடுத்தவர் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதந்தோறும் எழுதப்படும் அளவு ஒருமுறை வழக்கமாகிவிட்டால், அதை நிறுத்துகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும். மக்கள் அதைக் கேட்பார்கள்.

கார் சாகுபடிக்காக ஜூன் மாதம் பாபநாசம் அணையைத் திறப்பதற்கு முன், முதல் பட்டியலையும் முதல் பலகையையும் வெளியிடும்படி வேண்டுகிறேன். அளப்பதற்கு ஆட்களை இந்த ஊர் தரும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையில் வாழும் ஒரு நெல்லைவாசி