இலவச மகப்பேற்றுச் சேவையை முழுமையாக நிறைவேற்றித் தாய்மார் இறப்பைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர், மத்திய சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சகம், புது தில்லி
நகல்: மாநிலங்களின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர்கள்
பொருள்: அரசு மருத்துவமனைகளில் மகப்பேற்றுக்காகக் குடும்பங்கள் செய்யும் கைச்செலவை ஒழித்தல், தாய்மார் இறப்புகளைத் தடுத்தல் தொடர்பாக

மதிப்பிற்குரியீர்,

2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம், அதாவது தாய் சேய் பாதுகாப்புத் திட்டம், அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவமானாலும் அறுவைச் சிகிச்சையானாலும் மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வீட்டிலிருந்து வரவும் மேல்சிகிச்சைக்குச் செல்லவும் வீடு திரும்பவும் வாகனம் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று உறுதியளித்தது. அந்த உறுதிமொழி வழங்கப்பட்டு ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, அரசு மருத்துவமனையில் நடக்கும் ஒரு பிரசவத்துக்குக் குடும்பம் சராசரியாக ரூ.2,916 தன் கையிலிருந்து செலவிடுவதாகப் பதிவு செய்துள்ளது. இத்திட்டப்படி சுழியமாக இருக்க வேண்டிய இத்தொகை, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குப் பல நாள் வருமானமாகும்.

இச்செலவு பணத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதே இம்மனுவின் அடிப்படை. தாய்மார் இறப்பு என்பது கர்ப்பகாலத்திலோ கர்ப்பம் முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, கர்ப்பத்தினால் உண்டான அல்லது அதனால் தீவிரமடைந்த காரணத்தால் ஒரு பெண் இறப்பதைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இவ்வாறு இறந்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் குறைந்த வருமான நாடுகளையும் கீழ்-நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். இவ்விறப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் மூன்று தாமதங்களைச் சுட்டுகின்றனர்: மருத்துவமனைக்குப் போவதா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். கட்டணம் பற்றிய அச்சம் முதல் தாமதத்தை உண்டாக்குகிறது. மருந்தில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து வெளிக்கடைக்கு அனுப்புவது மூன்றாம் தாமதத்தை உண்டாக்குகிறது.

கட்டணத்தை நீக்கிய பிற நாடுகளின் பட்டறிவு இங்கே கருதத்தக்கது. கானா 2003-இல் வறுமை மிகுந்த நான்கு மண்டலங்களில் பிரசவக் கட்டணத்தை நீக்கி, 2005-இல் அதை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஆயினும் கட்டணத்துக்கு ஈடாக மருத்துவமனைகளுக்கு வர வேண்டிய பணம் போதிய அளவில் வராததால் பல இடங்களில் கட்டணம் மீண்டும் தலைதூக்கியது. சியரா லியோன் 2010 ஏப்ரல் 27 அன்று கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குச் சிகிச்சையை இலவசமாக்கியபோது, அதற்கு முன்பே சுகாதாரப் பணியாளர்களின் ஊதியத்தைக் கணிசமாக உயர்த்தியது. அது அறிவார்ந்த முடிவு, எனினும் மருந்துத் தட்டுப்பாடு அங்கும் தீரவில்லை. நேபாளம் 2005-இல் பயணச் செலவுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கி, மலைப்பகுதிப் பெண்களுக்குச் சமவெளிப் பெண்களைவிட அதிகத் தொகை வைத்து, 2009-இல் பிரசவத்தையே நாடெங்கும் இலவசமாக்கியது. இவற்றிலிருந்து பெறப்படுவது, கட்டண நீக்கம் நிதியோடும் ஆளோடும் மருந்தோடும் சேர்ந்து வரும்போதே பயன் தருகிறது என்பதாகும்.

இந்தியாவிலும் இதே நிலை காணப்படுகிறது. மருத்துவமனைப் பிரசவங்களின் பங்கு 2005–06-இல் 38.7 விழுக்காடாக இருந்து 2019–21-இல் 88.6 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2018–20-இல் 97 ஆகக் குறைந்தது; இது பாராட்டுக்குரியது. ஆனால் அதே காலத்தில் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, அசாமில் 195 என்றிருந்த இடைவெளியை, எத்தனை பேர் மருத்துவமனைக்கு வந்தனர் என்ற கணக்கால் மட்டும் விளக்க இயலாது. வந்தவருக்கு உள்ளே என்ன கிடைத்தது என்பதே வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் என்று இம்மனுவை அளிக்கும் எங்கள் சங்கம் கருதுகிறது.

ஆகவே, இரத்தம் பற்றிய கோரிக்கையை இச்சங்கம் அனைத்துக்கும் முன் வைக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் பெரும் இரத்தப்போக்கு நல்ல உடல்நலமுள்ள பெண்ணையும் சில மணி நேரத்துக்குள் கொன்றுவிடக் கூடியது. அந்நேரத்தில் இரத்தம் இலவசம் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக இரத்தம் கொடுக்க ஓர் ஆளைக் கூட்டி வருமாறு உறவினரை அனுப்புவது, இலவசம் என்ற சொல்லையே பொருளற்றதாக்குகிறது. உடன் கணவர் மட்டுமே வந்திருக்கும் ஏழைப் பெண்ணுக்கு ஆள் திரட்டுவது பணம் திரட்டுவதைவிடக் கடினம். அவசர அறுவைச் சிகிச்சை செய்யும் முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் 24 மணி நேரமும் இயங்கும் இரத்த சேமிப்பு மையம் இருக்க வேண்டும். மகப்பேற்றுச் சிகிச்சைக்கு ஈட்டுக் கொடையாளர் கேட்பது எழுத்துப்பூர்வமான ஆணையால் தடை செய்யப்பட வேண்டும்.

இதனோடு, கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்கப்படாவிட்டால் வீரியம் இழக்கும் என்பதால், அதற்கான குளிர்பதன வசதியும், பேறுகால வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டின் கையிருப்பும் பிரசவ அறைதோறும் உறுதி செய்யப்பட வேண்டும்.

வெளியில் வாங்கச் சொல்லப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் மருத்துவமனை கையொப்பமிட்ட சீட்டு தந்து, தாய் வீடு திரும்புமுன் அத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். குழந்தையைக் காட்டவும் படுக்கையை மாற்றவும் பணம் கேட்கும் வழக்கம் ஒப்பந்தப் பணியாளரின் குறைந்த ஊதியத்தோடு பிணைந்திருப்பதால், தண்டனையோடு ஊதிய உயர்வும் சேர்ந்து வர வேண்டும். கானாவின் தவறு இங்கே நேராதிருக்க, மாவட்டங்களுக்கான நிதி முன்கூட்டியே விடுவிக்கப்பட வேண்டும்.

இறுதியாக, ஒவ்வொரு தாய் இறப்பும், ஆம்புலன்ஸ் பயணத்தில் நேர்ந்தது உட்பட, பணியாளரைப் பழிவாங்கும் நோக்கமின்றி ஆராயப்பட்டு, பெயர்கள் நீக்கப்பட்ட முடிவுகள் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். கைச்செலவுக் கணக்கும் அவற்றோடு வெளிவர வேண்டும். இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை 60 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு இச்சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
சங்கத்தின் நிர்வாகக் குழு