காரைக்குடி வீணையும் பாலசந்தரின் விரலும்

கம்பன் கழகம் 1939-ஆம் ஆண்டில் தோன்றிய நாள்தொட்டுப் பட்டிமன்றத்திற்குப் பேர்போன ஊர் நம் காரைக்குடி. பரதனா இலக்குவனா என்று இரவெல்லாம் வாதாடினாலும், இரு சாராரையும் முழுமையாகக் கேட்டபின்னரே நடுவர் வாய்திறப்பார். அதுவே இவ்வூர் மரபு. ஆனால் இசையைப் பற்றிய பேச்சு எழுந்தால் மட்டும் நம் பெரியவர்கள் தீர்ப்பை முதலில் கூறிவிட்டு வழக்கைப் பின்னர் விசாரிக்கிறார்கள். அண்மையில் நண்பர் ஒருவர் இல்லத்தில் அப்படியொரு வழக்கு நம் முன்னிலையிலேயே நடந்தது. ஒலிநாடாவில் வீணை எஸ். பாலசந்தரின் ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. "இது வீணையே அன்று. கம்பியை இழுத்து அழவைக்கிறார்" என்றார். எதிரே அமர்ந்திருந்த இளம் விரிவுரையாளர் விடவில்லை. "உங்கள் காரைக்குடி வாசிப்பு தறி நெய்யும் ஓசை போன்றது. அதற்கு இது மேல்" என்றார். இருவரும் காபியைக் குடிக்காமலே எழுந்து போயினர்.

இவ்விரு கூற்றையும் நாம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மாணவர்களுள் பலர் அறியாதிருக்கலாம் என்பதால் முதலில் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் எனப் புகழ்பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் புதுக்கோட்டைப் பக்கத்து வைணிகக் குடும்பத்தில் தோன்றியவர்கள். தலைமுறை தலைமுறையாக வீணையே அக்குடும்பத்தின் தொழில். நகரத்தார் ஆதரவினால் காரைக்குடியில் குடியேறினர். ஊர்ப்பெயர் அவர்களுக்கு முன்னொட்டாயிற்று. மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவர் மடியில் கிடத்தியும் வாசித்தனர் என்பர். ஒரே வீட்டில், ஒரே தந்தையிடம் பயின்ற இருவருக்கே பிடிக்கும் முறை ஒன்றாயிருக்கவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அண்ணன் மறைந்தபின் சாம்பசிவ ஐயர் தனித்து வாசித்தார். 1952-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. இறுதிக் காலத்தில் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்து 1958-இல் மறைந்தார்.

அவர்கள் வழியைக் 'காரைக்குடி பாணி' என்கிறோம். அழுத்தமான மீட்டு அதன் முதல் அடையாளம். வாசிப்புக் கம்பிகள் நான்கு, தாளக் கம்பிகள் மூன்று. அந்தத் தாளக் கம்பிகளும் இப்பாணியில் வாளா இருப்பதில்லை, பாட்டின் ஓட்டத்தோடு இடையறாது பேசிக்கொண்டிருக்கும். தானம் வாசிக்கும்போது மிருதங்கத்தையும் உடன் சேர்த்துக்கொள்வது இவ்வழியின் தனிச்சிறப்பு. நேரில் கேட்ட செவிகள் இன்று அரியவை. எனினும் சாம்பசிவ ஐயரின் பிற்காலப் பதிவுகள் சில எஞ்சியுள்ளன. அவரிடம் சிறுவயது முதல் குருகுலமாகப் பயின்ற ரங்கநாயகி இராஜகோபாலன் (மறைவு 2018), சுப்பராம ஐயரின் பேத்தி இராஜேஸ்வரி பத்மநாபன் (மறைவு 2008) ஆகியோரின் பதிவுகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கேளாமல் 'தறியோசை' என்று கூறுவது எளிது.

இனி மற்றவர். 1927-இல் பிறந்த பாலசந்தர் யாரிடமும் முறையாக வீணை கற்றவர் அல்லர், தாமே பயின்றவர். பாடகரும் ஓவியருமான எஸ். ராஜம் அவருடைய தமையனார். 1934-இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அண்ணன் இராமனாக நடிக்கத் தம்பி சிறுவனாகத் தோன்றினார். பின்னாளில் அவரே இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாத தமிழ்ப்படம். இசைமேதை எடுத்த படத்தில் பாட்டு இல்லை என்பது நமக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. அப்படத்தைத் தயாரித்தவர் காரைக்குடியின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், அவரது படப்பிடிப்பு நிலையம் சென்னைக்குப் போகுமுன் நம் ஊர்த் தேவகோட்டை ரஸ்தாவில்தான் இருந்தது, 'நாம் இருவர்' (1947) இங்குதான் உருவாயிற்று. ஆக, பாலசந்தரைக் காரைக்குடிக்கு முற்றிலும் அயலார் என்று தள்ளிவிடவும் இயலாது.

அவருடைய வீணை வாய்ப்பாட்டை நோக்கிச் சென்ற வீணை. ஒரே மெட்டில் விரலை ஊன்றிக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களை அங்கேயே பிறப்பிப்பது அவருக்குக் கைவந்த கலை. அமெரிக்காவிலும் அவருடைய இசைத்தட்டுகள் வெளிவந்தன. எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் வாசித்து வரிசையாகப் பதிவு செய்தார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990-இல் மறைந்தார். இடையில் சண்டைகளுக்கும் குறைவில்லை. புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறிய பாலமுரளிகிருஷ்ணாவோடு ஒரு வழக்கு. சுவாதித் திருநாள் சாகித்தியகர்த்தாவே அல்லர் என்று இன்னொரு வழக்கு. இவற்றால் அவருக்குச் சேர்ந்த பகைவர்கள் அவர் வீணையையும் அந்தச் சினத்தோடுதான் கேட்டார்கள் என்பது நம் ஐயம்.

அவர்மேல் கூறப்படும் குற்றங்களுள் முதலாவது, குரு இல்லாதவர் என்பது. இதை நாம் பொருட்படுத்தவில்லை. ஏகலைவனுக்கும் குரு எதிரே இல்லை. அம்பு குறியில் பட்டதா என்பதே கேள்வி. திரைப்படக்காரர் என்பது இரண்டாவது. இதற்கு மறுமொழியே வேண்டியதில்லை.

மூன்றாவது குற்றம் கருதத்தக்கது. இழுப்பு மிகுந்து மீட்டுக் குறைந்துவிட்டது என்கின்றனர். தமிழ்த்துறை மாணவர்களுக்கு இதனை யாப்பின் வழியே விளக்கலாம். வீணையில் ஒரு பாடலை வாசிக்கும்போது மீட்டு என்பது எழுத்தின் பிறப்பு. எந்த இடத்தில் சொல் தொடங்குகிறது என்பதை மீட்டுத்தான் காட்டும். இழுப்போ அளபெடை. உயிரை நீட்டி ஓசையை நிறைப்பது அது. அளபெடை இல்லாத செய்யுள் வறண்டுபோகலாம். அளபெடையே செய்யுளாகிவிட்டால் சொல் எங்கே? பாலசந்தர் ஆலாபனை செய்யும்போது சொல் இல்லை, ஆகவே குறையும் இல்லை. அங்கே அவரோடு ஒப்பிடத்தக்கவர் சிலரே. கீர்த்தனைக்கு வரும்போதுதான் சில இடங்களில் சீர் பிரியாமல் ஓடிவிடுவது போல் நமக்குப் படுகிறது. பழக்கமான பாட்டாயின் நம் நினைவே சொல்லை நிரப்பிக்கொள்ளும். பழக்கமில்லாத பாட்டாயின் தடுமாறுகிறோம். காரைக்குடிப் பதிவுகளிலோ மொழி தெரியாதவனும் எழுத்தெண்ணலாம். தானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மெட்டும் மீட்டும் தாளக் கம்பியும் மிருதங்கமும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் அந்த வேகம் வேறெந்தப் பாணியிலும் இல்லை என்றே கருதுகிறோம்.

ஆனால் இரு தரப்பும் மறந்துவிடும் ஒன்றுண்டு. மீட்டிய கணத்திலிருந்தே வீணையின் நாதம் தேயத் தொடங்குகிறது. வில் கொண்டு இழைக்கும் பிடிலைப் போலவோ, மூச்சு நிறைக்கும் நாகசுரத்தைப் போலவோ அதனால் நீண்டு நிற்க முடியாது. ஒரே மீட்டில் ஐந்து சுரங்களை இழுத்தால் ஐந்தாவது சுரம் அருகில் இருப்பவனுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், விருந்தினர் நிறைந்த செட்டிநாட்டு வீட்டுக் கலியாணக் கூடத்தில் அமர்ந்து வாசித்தவர்கள் அழுத்தி மீட்டாமல் வேறென்ன செய்திருக்க முடியும்? ஒலிவாங்கிக்கு முன் தனியறையில் அமர்ந்து வாசித்தவர் இழுப்பின் கடைசிச் சுரம் வரை காட்டினார் என்றால் அதிலும் வியப்பில்லை. ஒருவர் கூடத்துக்கு வாசித்தார், மற்றவர் கருவிக்கு வாசித்தார் என்று சொன்னால் பெரிதும் தவறாகாது. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

பதிவு என்னும் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். வீணை தனம்மாள் (1867–1938) தம் சென்னை இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் விரிவாக வாசித்ததைக் கேட்க வித்துவான்களே கூடினர். நமக்குக் கிடைத்திருப்பதோ 1930-களில் எடுத்த ஒருசில தட்டுகளின் துண்டுகள். கடலைச் சிமிழில் அடைத்து வைத்துவிட்டு, அலை எங்கே என்று கேட்பதற்கொப்பாகும் அது. சாம்பசிவ ஐயரின் முதுமைக்காலப் பதிவுகளை வைத்து அவர் இளமையை மதிப்பிடுவதும் அத்தகையதே. பாலசந்தர் நெடுந்தட்டுக் காலத்தில் வாழ்ந்தவர். அந்த வசதி அவருடைய திறமை ஆகாது, அவருடைய குற்றமும் ஆகாது.

சிட்டிபாபு (1936–1996) வீணையில் கருவியோடு ஒட்டிய ஒலிவாங்கியைப் பயன்படுத்தியபோதும் இதே கூக்குரல் எழுந்தது. 'கலைக்கோயில்' (1964) படத்தில் அவருடைய வீணையைக் கேட்டு மயங்கியவர்களே, மேடையில் குயில் கூவக் கேட்டு முகம் சுளித்தார்கள். குயிலை நாமும் பொறுத்துக்கொண்டோமே தவிர விரும்பவில்லை. மேலைநாட்டிலும் நிலைமை வேறன்று. 1965-இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கித்தாரோடு மேடையேறியபோது அவையின் ஒரு பகுதி கூச்சலிட்டது. கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் கித்தார்க் கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது நம் வீணை இழுப்புக்கு உறவான உத்தி. அங்கும் குறைந்த சுரங்களில் நிறைவு கண்ட பி.பி. கிங்கைப் (1925–2015) போற்றுவோர், பின்வந்த வேகக்காரர்களைக் கண்டு சலித்துக்கொள்வதுண்டு.

வடக்கே இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு இருக்கிறது. உருத்திர வீணையில் அண்மைக்காலத்து இரு பேராசான்கள் உஸ்தாத் ஜியா மொகியுத்தீன் டாகரும் (1929–1990), உஸ்தாத் அசத் அலி கானும் (1937–2011). முன்னவர் குடங்களைப் பெரிதாக்கி, வீணையைத் தோளிலிருந்து இறக்கி, நம் தென்னாட்டு வைணிகரைப் போல் பிடித்து, மந்தர சுரங்களில் ஆழ்ந்தார். பின்னவரோ இடத்தோளில் சாத்திப் பிடிக்கும் பழைய முறையை இறுதிவரை விடவில்லை. அழுத்தமும் கம்பீரமுமான மீட்டே அவர் வழி. எது பழைமை, எது புதுமை என்ற வாதம் அங்கும் நடந்தது. காரைக்குடியும் பாலசந்தரும் அங்கே வேறு பெயரில் வாழ்ந்திருக்கிறார்களோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இருவருடைய பதிவுகளையும் இன்று ஒரே அலமாரியில் வைத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் இலக்கியத்திற்கும் இது புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைத் தொடும்போது அடிகளார் இசைக்கரணங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் எனத் தொடரும் அவ்வரிசையில் விரல் கம்பியில் செய்யும் செயல் பல. எது ஒன்றே உயர்ந்தது என்று அங்கே சொல்லப்படவில்லை. விபுலாநந்த அடிகள் 'யாழ்நூல்' (1947) எழுத நெடுங்காலம் உழைத்ததும் மறைந்த கருவியொன்றின் ஒலியை ஏட்டிலிருந்து மீட்கத்தான். யாழுக்கு ஒலிப்பதிவு இல்லை. காரைக்குடி வீணைக்கு இருக்கிறது. இருந்தும் நாம் கேட்பதில்லை.

நம்மை வருத்துவது இதுதான். முதலாண்டு மாணவர் சிலரிடம் 'இசையில் காரைக்குடி என்றால் யார் நினைவுக்கு வருகிறார்?' என்று கேட்டோம். இருவர் மிருதங்க வித்துவான் காரைக்குடி மணியைச் (1945–2023) சொன்னார்கள். அதில் நமக்கு மகிழ்ச்சியே. வீணையை ஒருவரும் சொல்லவில்லை. ஊரின் பெயரை உலகெங்கும் தாங்கிச் செல்லும் பாணி ஒன்று ஊருக்குள்ளேயே அயலாகிவிட்டது. இந்நிலையில் பாலசந்தரைப் பழித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எதைக் காக்கிறார்கள்? காரைக்குடிப் பாணியைத் தறியோசை என்று எள்ளும் இளைஞர்கள் எதைக் கேட்டுவிட்டு எள்ளுகிறார்கள்?

கல்லூரி நூலகத்தில் ஒரு கேட்பறை வேண்டும் என்பது நம் கோரிக்கை. பெரிய செலவில்லை: நல்ல ஒலிபெருக்கி இரண்டு, நாற்காலிகள் இருபது, காரைக்குடி வழியினர் முதல் பாலசந்தர், சிட்டிபாபு, சின்னமௌலானா வரை ஒரு பதிவுத் தொகுப்பு. ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தில் தங்கி, 1998-இல் சங்கீத கலாநிதியான ஷேக் சின்னமௌலானாவின் நாகசுரத்தையும் நம் மாணவர் கேட்டறிய வேண்டாமா? மாதம் ஒரு மாலை, பெயர் சொல்லாமல் பதிவை ஓட்டி, கேட்டு முடித்தபின் வாதாடலாம்.

ஓய்வுபெற்ற அந்தத் தமிழாசிரியரிடம் இதனைச் சொன்னோம். வீட்டுக்கு அழைத்துச் சென்று, பாலசந்தரின் அதே ஆலாபனையை இம்முறை இறுதிவரை கேட்குமாறு வேண்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் அசைந்தது. முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வீணைதான். இல்லையென்று சொன்னது பிழை. ஆனால் இன்னும் கொஞ்சம் மீட்டியிருக்கலாம்" என்றார். ரங்கநாயகி அம்மையாரின் தானத்தை அடுத்துப் போடச் சொன்னார். இளம் விரிவுரையாளரையும் அழைத்திருந்தோம். தேர்வுத்தாள் திருத்தம் இருப்பதாகச் சொல்லி அவர் வரவில்லை.