குழந்தையும் கூட்டு வட்டியும்

ஒக்கூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சிவகங்கைப் பக்கம் போக நேர்ந்தால் அவர் வீட்டு முகப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் போனபோது சென்னையிலிருந்து அவருடைய பேரனும் வந்திருந்தான். பதினோரு வயது, கெட்டிக்காரன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு செல்போனை என் கையில் திணித்து, "இது என்னோட போர்ட்ஃபோலியோ, தாத்தா!" என்றான். பச்சை நிறத்தில் ஒரு கோடு மேல் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மாதம் ஆயிரம் ரூபாய் அவன் பேரில் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிறதாம். நூற்றுக்குப் பன்னிரண்டு கிடைத்தால் பதினெட்டு வருஷத்தில் 2,16,000 ரூபாய் ஏழரை லட்சத்தைத் தாண்டிவிடுமாம். மூச்சு விடாமல் ஒப்பித்தான். நண்பர் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் வளவுக் கதவோரம் வந்து நின்றாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி மூவாயிரம் ரூபாய் முன்பணம் வேண்டும் என்றாள். நண்பர் வாயைத் திறக்குமுன் பையன் கேட்டான்:

"எத்தனை பெர்சென்ட், ஐயா?"

நண்பர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பார்த்தீர்களா, ரத்தம் பேசுகிறது!" அந்த அம்மாளும் சிரித்தாள். சிரிக்காமல் அவள் என்ன செய்வாள்? பணத்தை வட்டியில்லாமல்தான் கொடுத்தனுப்பினார் நண்பர். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. நம் மத்தியதர வீடுகளில் நாற்பது வயதுவரை காசின் முகம் தெரியாமல் வளர்ந்து, பிறகு சீட்டுக் கம்பெனிக்காரனிடம் எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டு அழுதவர்களை நான் அறிவேன். பிள்ளை பேரில் சேமியுங்கள், தாராளமாகச் சேமியுங்கள். ஆனால் அதைக் கல்வி என்று சொல்லாதீர்கள். இதுதான் என் வழக்கு.

பதினெட்டு வயது நிரம்பும்வரை அந்தக் கணக்கில் கையெழுத்து கார்டியனுடையது. பணம் அப்பாவுடையது, எதை வாங்குவது, எப்போது விற்பது என்ற யோசனையும் அப்பாவுடையது. பிள்ளைக்கு உள்ள உரிமை, கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவது ஒன்றே. 2024 செப்டம்பரில் என்.பி.எஸ். வாத்சல்யா என்று ஒரு திட்டம் வந்தது. பால் பல் விழாத குழந்தைக்கும் பென்ஷன் கணக்கு! பேரப்பிள்ளை தவழ்ந்துகொண்டே ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன். திட்டம் கெட்டதென்று சொல்லவில்லை. அதில் பாடம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

"பணம் தானாக வளரும்" என்பதா பாடம்? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருஷம் அக்டோபரில் 9,000-க்குக் கீழே கிடந்தது. 2020 மார்ச்சில் இரண்டே மாதத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சரிந்தது. அப்போது இந்தப் பையனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதுகூட இல்லை. அந்த ஏழரை லட்சத்துக்குப் பதினெட்டு வருஷம் கழித்து என்ன கிடைக்கும் என்பதையும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், இன்றைய விலையில் அது இரண்டே முக்கால் லட்சத்தைக்கூட எட்டாது. பாதிக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கணக்கே சொல்லிக் கொடுக்காமல் இருப்பது மேல்.

"ரத்தம் பேசுகிறது" என்றாரே நண்பர், அதற்கு வருகிறேன். அந்த ரத்தத்தின் கதையை எனக்குச் சொன்னவரே அவர்தான்.

அவருடைய அப்பச்சி பன்னிரண்டாவது வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் இந்த ஊர்க்காரர் என்பார்கள். இருக்கலாம். இந்த ஊர்த் தாய்மார்கள் பிற்காலத்திலும் பிள்ளைகளை அனுப்பினார்கள், களம்தான் வேறு. பையனை மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்த்தார்கள். முதல் வேலை முதலீடு அல்ல. கடை கூட்டுவது, பெரியவர்களுக்கு எடுபிடி செய்வது. அடுத்தது மனக்கணக்கு. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று. இத்தனை நுணுக்கமான பின்னத்தில் வட்டியைத் தாளில் எழுதாமல் சொல்லவேண்டும். பிறகு குறிப்பு, பேரேடு, ஐந்தொகை. இரவு கணக்கை முடிக்கும்போது மூன்று தம்பிடி உதைத்தால், அந்தத் தம்பிடி அகப்படும்வரை யாருக்கும் சாப்பாடு கிடையாது. பல வருஷம் கழித்துத்தான் அடுத்தாள். அதற்குப் பிறகுதான் ஒருவனுக்குக் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்கிற அந்தஸ்து. பிறர் பணத்தை எண்ணிப் பழகி, தப்பு செய்து, திட்டு வாங்கி, அதன் பிறகே சொந்தப் பணம். இதைப் படிப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் படிப்பிலும் ஒரு ஏடு விட்டுப் போயிருந்தது.

அவர் பெட்டியடியில் உட்கார்ந்த காலம் 1930-ஐ ஒட்டியது. நெல் விலை மண்ணாய்ப் போன வருஷம். கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் முதலும் தரமுடியவில்லை, வட்டியும் தரமுடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடைக்கு வந்தது. செட்டியார் கடைகள் நிலத்துக்கு ஆசைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். இருந்தும் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம் 1937-க்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. பேரேட்டில் எல்லாம் சரி. ஒரு தம்பிடி உதைக்கவில்லை. நிலத்தை இழந்தவன் மனத்தில் ஏறிக்கொண்டிருந்த கணக்குக்குத்தான் எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1963-ல் பாங்குகளும் போயின. அப்பச்சி திரும்பி வந்தார். மிச்சம் இந்தத் தேக்குத் தூண்களும் கவுனி அரிசிப் பழக்கமும்தான் என்று நண்பரே வேடிக்கையாகச் சொல்வார்.

உலகத்திலேயே கடுமையான கணக்குப் படிப்பு படித்தவர்களுக்கே, கடன் வாங்கியவன் முகம் வெறும் பற்று வரவாகத் தெரிந்ததால் இந்தக் கதி. மூன்று தம்பிடிகூடத் தேடிப் பழகாத நம் பிள்ளை, கதவோரம் நிற்கிற அம்மாளைப் பார்த்து வீதம் கேட்கிறான். கூட்டு வட்டியை அவனுக்குக் காட்டினோம். யாரோ ஒருவர் உழைத்தோ கடன்பட்டோதான் அந்த வட்டி வரும் என்பதைக் காட்டவில்லை.

காட்டுவதற்கு பர்மாவுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டிலேயே இருக்கிறது. நகைக் கடன் இல்லாத மத்தியதர வீடு எத்தனை? ஃபிளாட்டுக்கு மாதத் தவணை, காருக்கு மாதத் தவணை, கிரெடிட் கார்டில் பாக்கி. அப்பாவுக்குக் கடன் இருப்பது பிள்ளைக்குத் தெரியக்கூடாது. பிள்ளைக்குப் பங்கு இருப்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரியவேண்டும்! அம்மாவின் வளையலை அடகு வைக்கப் போகும்போது பையனையும் கூட அழைத்துப் போங்கள். ரசீதை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அவன் வட்டி வாங்குகிற பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறான். கொடுக்கிற பக்கத்திலும் ஒருமுறை நிற்கட்டும். கையில் நூறு ரூபாயும் ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுங்கள். தங்கைக்குக் கடன் கொடுத்து அது திரும்பி வராத அனுபவம் வரட்டும். கேட்டால் அழுவாள், கேட்காவிட்டால் கணக்கு உதைக்கும். என்ன செய்வான் என்று பாருங்கள்.

மறுநாள் காலை இதையெல்லாம் நண்பரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "பையனுக்கு அப்பச்சியின் பேரேட்டை எடுத்துக் காட்டுங்கள். ஒரு பக்கம் நீங்களே உடன் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் வைத்திருந்தீர்களே?" என்றேன்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

"அந்தப் பெட்டியைப் போன வருஷம் காரைக்குடியில் பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டோம். ஏடெல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை."

பையன் பக்கத்தில்தான் இருந்தான். போனிலிருந்து தலையை நிமிர்த்தி, "அந்தப் பணத்தைத்தான் என் ஃபண்டில் போட்டிருக்கு, தாத்தா" என்றான்.