இரத்தக் கொதிப்பும் சஸ்திர சிகிச்சையும்

இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டு, பத்தியம் உண்டு. கத்தி வைத்தியமும் உண்டென்று சொன்னால் நம்மவரில் பலர் நகைப்பர். ஆயினும் இது நகைத்துத் தள்ளத்தக்க விஷயமன்று. ஸ்தூல சரீரமுடையவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிச் செய்யப்படும் சஸ்திர சிகிச்சையானது தேகத்தின் எடையைக் குறைப்பதோடு இரத்தக் கொதிப்பையும் தணிக்கின்றதென்பது ருஜுவாகியிருக்கிறது. ருஜுவானதை மறைப்பது தவறு. ருஜுவானதற்கு மேல் சொல்லி விற்பதும் தவறு. பின்னைய தவறே இன்று நம் நகரங்களில் மலிந்து வருவதால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

பிரேஸில் தேசத்து ஸாவோ பாலோ நகரில், இருதய நோய்க்குப் பேர் பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர் கார்லோஸ் ஷியாவோன் என்பவரும் அவருடைய சகாக்களும் 'கேட்வே' என்ற பெயரால் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஸ்தூல சரீரமும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்தவர்களாய், இரண்டு மருந்துகளை முழு அளவிலோ, அதற்கு மேற்பட்ட மருந்துகளை நடுத்தர அளவிலோ உட்கொண்டு வந்த 100 பேரைத் திருவுளச்சீட்டுப் போல இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்து மட்டும். மற்றப் பிரிவினருக்கு மருந்தோடு சஸ்திர சிகிச்சையும். மருந்துகளின் எண்ணிக்கையில் நூற்றுக்கு 30 பங்காவது குறையவேண்டும், அழுத்தமும் 140/90-க்குக் கீழே நிற்கவேண்டும் என்பது பந்தயம். 2018-ல் வெளியான ஓராண்டு முடிவின்படி, சஸ்திர சிகிச்சை பெற்ற 49 பேரில் 41 பேர் இதில் தேறினர். மற்றப் பிரிவின் 47 பேரில் தேறியவர் அறுவரே. சிகிச்சை பெற்றோரில் சரிபாதியினர் இரத்தக் கொதிப்பு மாத்திரையே இல்லாமல் அழுத்தம் அடங்கி இருந்தனர். 2024-ல் வெளியான ஐந்தாண்டுக் கணக்கிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. மாத்திரையின்றி இருந்தோர் ஒரு பிரிவில் நூற்றுக்குச் சுமார் 47. மற்றதில் 2 அல்லது 3.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? வயிற்றிலே சேர்ந்த கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்கி, தேகத்தில் உப்பைத் தங்கச் செய்கிறது. நரம்புகளை ஓயாது தூண்டுகிறது. தூக்கத்தில் சுவாசத்தைத் தடைப்படுத்துகிறது. இவை மூன்றும் கூடி இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. சிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு கிண்ணம் அளவே விட்டு, அதனைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உண்ணும் அளவு சுருங்குவது ஒருபுறமிருக்க, குடல் சுரக்கும் ஹார்மோன்களும் மாறிப் பசி தணிகிறது. எடை பெரிதும் குறையுமுன்பே அழுத்தம் இறங்கத் தொடங்குவதையும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது புகழ்ச்சிப் பக்கம். பிரேஸில் பரிசோதனைக்குப் பணம் தந்தது, இத்தகைய சிகிச்சைக்கான கருவிகளைச் செய்து விற்கும் எதிகான் கம்பெனி. அதனால் முடிவுகள் பொய்யென்று நாம் சொல்லவில்லை. திருவுளச்சீட்டு முறை அப்படியொன்றும் எளிதில் ஏமாற்றத்தக்கதன்று. ஆனால் 100 பேர், அவர்களிலும் பெரும்பாலோர் ஸ்திரீகள், ஒரே ஆஸ்பத்திரி என்பதை மறவாதிருப்பது நலம். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆராய்ச்சி இன்னொரு பாடம் புகட்டுகிறது. பத்தாண்டுக்குப் பின் பார்த்தபோது, முன்பே இரத்தக் கொதிப்பு இருந்தவர்களில் அது நீங்கியோர் சிகிச்சைப் பிரிவில் அதிகந்தான். ஆயினும் இல்லாதவர்களுக்குப் புதிதாக அந்நோய் வருவதை சிகிச்சை தடுத்ததாகத் தெரியவில்லை. அங்கே பெரும்பாலும் கையாளப்பட்டவை பழைய முறைகள் என்பதும் உண்மையே. எவ்வாறாயினும், 'ஒரு தடவை கத்தி, ஆயுள் முழுதும் விடுதலை' என்று விளம்பரம் செய்வோருக்கு இவ்வாராய்ச்சி இடந்தரவில்லை.

விடுதலையுமன்று. குடலின் ஒரு பகுதியை உணவு கடந்து போகாததால் இரும்புச் சத்தும், கால்ஸியமும், பி12 வைட்டமினும் தேகத்தில் குன்றும். இரத்தக் கொதிப்பு மாத்திரை போய், வைட்டமின் மாத்திரை ஆயுள்பரியந்தம் வரும். தையலிட்ட இடத்தில் கசிவு, இரத்தக் கட்டி முதலிய ஆபத்துக்களும் உண்டு. தேர்ந்த நிலையங்களிலும் உயிரிழப்பு அறவே இல்லாமற் போவதில்லை. மாத்திரையைச் சரியாக விழுங்காத குறையால் மட்டும் கொதிப்பு அடங்காதிருப்பவரைக் கத்திக்கு அனுப்புவது வைத்தியமாகாது. நம் நாட்டில் இரத்தக் கொதிப்புள்ளோரில் ஏராளமானவர் பருமனானவரும் அல்லர். அவர்களுக்கு இச்சிகிச்சையால் யாதொரு பயனுமில்லை.

அப்படியானால் யாருக்கு? 2022-ல் சர்வதேச வைத்திய சங்கங்கள் வெளியிட்ட யோசனைப்படி, ஆசிய ஜனங்களுக்கு உடல் நிறைக் குறியீடு 27.5 ஆனாலே இதனை அளிக்கலாம். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ளவருக்கு இது சுமார் 75 கிலோ. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் ஆணையமோ 2019-ல் வகுத்த பொது வாசகத்தில் குறியீடு 40 வேண்டுமென்றது. அதே மனிதருக்கு இது 109 கிலோ ஆகும். அல்லது 35-உடன் குறிப்பிட்ட நோய்களில் ஒன்று இருக்கவேண்டும். இருதயத் தசை நோய், இருதய இரத்தக் குழாய் அடைப்பு, கடும் தூக்கச் சுவாசத் தடை, அடங்காத நீரிழிவு ஆகிய நான்கும் அந்த ஜாபிதாவில் உள்ளன. இரத்தக் கொதிப்பு மட்டும் இல்லை! பல மருந்துக்கும் அடங்காத கொதிப்புள்ள ஏழை குமாஸ்தா, இருதய நோய் வரும்வரை காத்திருந்து பின்னர் விண்ணப்பிக்கவேண்டும் போலும். ரொக்கம் வைத்திருப்பவருக்கோ, தேவை இருப்பினும் இல்லாவிடினும், கத்தி எப்போதும் தயார். ஒரே விதியின் இவ்விரு முனைகளும் அநியாயமே.

சர்க்கார் செய்யவேண்டியதென்ன என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. மூன்று மருந்துகளை முழு அளவில், தவறாது உட்கொண்டும் அடங்காத கொதிப்பை அந்த ஜாபிதாவில் சேர்க்கவேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில், தேர்ந்த நிபுணர் உள்ள சிலவற்றில் மாத்திரம், இதனை இலவசமாக அளிக்கவேண்டும். சிகிச்சை செய்யும் ஒவ்வொரு நிலையமும், சர்க்காருடையதாயினும் தனியாருடையதாயினும், எத்தனை பேருக்குச் செய்தது, எத்தனை பேர் ஐந்தாண்டு கழித்தும் நலமாயிருக்கிறார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்கை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். இந்தக் கணக்கைத் தராதவர் சுவரொட்டி ஒட்டலாகாது. கம்பெனிப் பணம் கலவாத ஒரு பரிசோதனையையும், நம் ஜனங்களையே கொண்டு, நம் வைத்தியக் கல்லூரிகள் நடத்தவேண்டும். செமாக்லூடைட் முதலிய ஊசிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதில் அடங்கவேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற ஏற்பாட்டின்படி, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே சென்றன. சஸ்திர சிகிச்சை பெற்று ஊர் திரும்புகிறவனுக்கும் அதே பையில் இரும்புச் சத்தும் பி12-உம் செல்லவேண்டும்; அவன் அழுத்தத்தை மாதந்தோறும் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவர் வரவேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் ஏழையொருவனைக் கத்தியின் கீழ்ப் படுக்கவைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் அநுமதி தரலாகாது.