சரக்கு விமானங்கள்: பாரம் தாளில் சரி, தளத்தில் பிழை

2013 ஏப்ரல் 29ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து டுபாய் நோக்கிப் புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று, மேலெழுந்த சிறிது நேரத்தில் மூக்கை வானுக்கு உயர்த்தி, அப்படியே தரையில் விழுந்து வெடித்தது. அந்தக் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். விமானத்தில் இருந்த 7 பேரும் உயிரிழந்தனர். 'பாரம் பின்னால் சரிந்தது, விமானம் விழுந்தது' என்றே பலரும் சொல்கின்றனர். விசாரணையில் வெளிவந்தது அதைவிடக் கவலைக்குரியது.

விமானத்தில் 5 கவச வாகனங்கள் இருந்தன. மூன்று தலா 18 தொன், இரண்டு தலா 12 தொன். இத்தனை தொன்னைச் சுமப்பது இந்த ரக விமானத்துக்குப் புதிதல்ல. ஆனால் வாகனங்கள் முறையாகக் கட்டப்பட்டிருக்கவில்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. குறைந்தது ஒரு வாகனம் பின்னோக்கி நகர்ந்து, ஹைட்ரோலிக் தொகுதிகளையும் வால் இறக்கையை இயக்கும் பொறிமுறையையும் சேதப்படுத்தியது. அதன்பின் மூக்கைக் கீழே இறக்க விமானிகளுக்கு வழியிருக்கவில்லை. முந்தைய பயணத்திலேயே ஒரு பட்டி அறுந்திருந்ததைப் பணியாளர்கள் பேசிக்கொண்டது கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் பயணம் நிறுத்தப்படவில்லை.

1997 ஒகஸ்ட் 7ஆம் திகதி மியாமியில் நடந்தது வேறு வகைப் பிழை. ஃபைன் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம் டெனிம் துணிகளுடன் புறப்பட்டது. கடைசி நேரத்தில் விமானம் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் விமானிகள் கையிலிருந்த பாரக் கணக்கும் உண்மையில் ஏற்றப்பட்ட விதமும் ஒத்துப்போகவில்லை. ஈர்ப்பு மையம் அவர்கள் நினைத்ததைவிடப் பின்னால் இருந்தது. அந்தக் கணக்கை நம்பியே வால் இறக்கையின் கோணத்தை அமைத்திருந்தார்கள். மூக்கு அளவுக்கு மீறி உயர, விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 4 பேருடன் தரையில் இருந்த ஒருவரும் உயிரிழந்தார்.

சரக்கு விமானம்தானே, பயணிகள் இல்லையே என்று அலட்சியமாக இருப்போருக்கு அந்த ஐந்தாவது மரணமே பதில்.

நிறை எவ்வளவு, அது எங்கே வைக்கப்பட்டது, எப்படிக் கட்டப்பட்டது ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்வோர் வெவ்வேறு ஆட்கள்; கடைசியில் விமானியிடம் வந்து சேர்வது ஒரு தாள் மட்டுமே. விமானிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம், இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கும் உண்டு. பக்ராம் விபத்தின்போது அமெரிக்காவில் சரக்கை ஏற்றிக் கட்டுபவருக்கு அப்படியொன்று தேவைப்படவில்லை. அது வேண்டும் என்று அந்தச் சபை பின்னர் பரிந்துரைத்தது.

அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. அறுந்த பட்டியைக் கண்டவர் 'இந்த விமானம் இப்போது புறப்படக்கூடாது' என்று சொன்னால், தாமதத்துக்காக அவரைக் கடிந்துகொள்ளாத நிர்வாகமும் வேண்டும். ஒரு மணி நேரத் தாமதத்தின் நட்டத்தை ஈடுசெய்யலாம். போன உயிர்களுக்கு ஈடில்லை.